கூலி கொடுத்தும் கட்டாயம்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஒரு தொழிலாளர் வழக்கறிஞர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆங்கிலத்தில் கட்டாயத்தைக் குறிக்கும் அடைமொழியின் பொருளும் வழக்கும் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் அகராதிக்காரன் இல்லை, தொழிலாளர் வழக்கு நடத்திப் பிழைக்கிறவன். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். காரணம், 'ஃபோர்ஸ்டு', 'கம்பல்சரி' என்ற இரண்டு அடைமொழிகளுக்கு என்ன அர்த்தம் என்று கோர்ட்டில் மல்லுக்கட்டிய கதை பெரிய கதை. பல ஆயிரம் பேருடைய கூலி அந்த அர்த்தத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் நம் வீட்டு வழக்கைப் பார்ப்போம். 'கல்யாணத்துக்குக் கட்டாயம் வந்துடணும்' என்று பத்திரிகை நீட்டுகிறவர் யாரையும் மிரட்டவில்லை. உரிமையோடு கூப்பிடுகிறார், அவ்வளவுதான். வினாத்தாளில் ஒரு கேள்விக்குக் 'கட்டாயமாக விடையளிக்கவும்' என்று போடுகிறார்கள். எழுதாவிட்டால் போலீஸ் வராது, மார்க் போகும். 1938-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு கொண்டுவந்தது கட்டாய இந்தி. அதற்காகச் சிறை போனவர்கள் உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில் வட மாநிலங்களில் நடந்தது கட்டாயக் கருத்தடை. அதில் ஆளையே பிடித்துக்கொண்டு போனார்கள். அன்பான அழைப்பிலிருந்து ஆளைத் தூக்கிப்போவது வரை அத்தனைக்கும் நாம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கிறோம். கேட்கிறவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறார்.

ஆங்கிலக்காரர்கள் இதைப் பல சொற்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். விதி போட்டு எல்லோர் மேலும் பொதுவாகச் சுமத்துவது 'கம்பல்சரி': கம்பல்சரி கல்வி, கம்பல்சரி பாடம். மேலிடத்து ஆணையாக இருந்தால் 'மேண்டேட்டரி'. ஒரு கடமை கட்டிப்போடுகிறது என்றால் 'ஆப்ளிகேட்டரி'. வெளியிலிருந்து யாரும் தள்ளாமல் உள்ளிருந்தே ஒன்று உந்தித் தள்ளினால் 'கம்பல்சிவ்'; சீட்டாட்டத்தை விட முடியாதவரை அப்படித்தான் சொல்வார்கள். மறுக்க முடியாதபடி நம்மைத் தன் பக்கம் இழுக்கிற சாட்சியம் 'கம்பெல்லிங்'. கம்பல்சரி, கம்பல்சிவ், கம்பெல்லிங் மூன்றும் ஒரே லத்தீன் வினைச்சொல்லிலிருந்து வந்தவை. மந்தையை ஒரு பக்கமாக ஓட்டுவதுதான் அந்த வினையின் பழைய பொருள். 'ஃபோர்ஸ்டு' மட்டும் தனிக் குடும்பம், பலம் என்ற சொல்லிலிருந்து வந்தது.

இந்த 'ஃபோர்ஸ்டு' இருக்கிறதே, அதில் ஒரு சூட்சுமம் உண்டு. 'ஃபோர்ஸ்டு லேண்டிங்' என்கிறார்கள். விமானியின் நெற்றியில் யாரும் துப்பாக்கி வைக்கவில்லை, இறங்காவிட்டால் அபராதம் என்றும் யாரும் சொல்லவில்லை. எஞ்சின் நின்றுவிட்டது, வேறு வழியில்லை, இறங்குகிறார். நம் பத்திரிகைகள் இதை 'அவசரமாகத் தரையிறங்கியது' என்று எழுதிவிட்டுப் போய்விடும். ஆங்கிலமோ சூழ்நிலையே ஒரு ஆளாக வந்து கட்டாயப்படுத்துவதாகப் பேசுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 1858-இல் சென்னை மாகாணத்துக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். அதன் பெயரே 'மெட்ராஸ் கம்பல்சரி லேபர் ஆக்ட்'. ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையப்போகிறது, வெள்ளம் ஊருக்குள் புகுந்துவிடும் என்ற நிலை வந்தால், பொறுப்பில் இருக்கும் அதிகாரி அக்கம்பக்கத்து ஊர்த் தலைவர்களுக்குச் சொல்லி அனுப்பி, உடம்பில் வலுவுள்ள ஆண்களை எல்லாம் வேலைக்கு இறக்கலாம். வந்தவர்களுக்குக் கூலி உண்டு. வர மறுத்தால் தண்டனை உண்டு. சட்டத்தின் இன்னொரு பகுதி குடிமராமத்து பற்றியது. ஏரி, வாய்க்கால் வேலைக்கு வழக்கப்படி ஆள் தர வேண்டிய குடிகள் தராவிட்டால், அந்த உழைப்பின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு பணம் கட்ட வேண்டும். கட்டாய உழைப்பைச் சட்டபூர்வமாக்குவதே நோக்கம் என்று அந்தச் சட்டம் தன் முகப்பிலேயே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிக்கொண்டது.

இரண்டே வருஷம் கழித்து 1860-இல் இந்திய தண்டனைச் சட்டம் வந்தது. அதன் 374-ஆவது பிரிவு, ஒருவரை அவருடைய விருப்பத்துக்கு மாறாகச் சட்டவிரோதமாக வேலை வாங்கினால் ஒரு வருஷம் வரை சிறை என்றது. இப்போது அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே குற்றம் 146-ஆவது பிரிவாக இருக்கிறது. தண்டனை இன்றும் அதே ஒரு வருஷம்தான். தலைப்பில் 'அன்லாஃபுல் கம்பல்சரி லேபர்' என்றிருக்கும். சட்டவிரோதமான கட்டாய உழைப்பு என்று ஒன்றைத் தனியாகச் சொல்கிறார்கள் என்றால், சட்டத்துக்கு உட்பட்ட கட்டாய உழைப்பும் உண்டு என்றுதானே பொருள்? உண்டு. இரண்டு வருஷம் முந்தித்தான் அதற்குத் தனிச் சட்டமே போட்டிருந்தார்கள்.

1858 சட்டத்தை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். நடு ராத்திரியில் கரை உடையும்போது டெண்டர் விட்டுக்கொண்டிருக்க முடியாது. எல்லோரும் மண் சுமந்தால் எல்லோருக்கும் பாதுகாப்பு. ஆனால் 'எல்லோரும்' என்று சட்டம் சொன்னாலும் கூடையைத் தூக்கியது யாருடைய தலை என்பது ஊருக்குத் தெரியும். அந்த ஏரித் தண்ணீரில் விளைந்த நிலம் யாருடையது என்பதும் தெரியும்.

இந்த விஷயத்தில் நமக்கு வெள்ளைக்காரன் வந்து பாடம் எடுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் குடிகள் மேல் விழுந்த சுமைகளில் ஒன்றாக 'வெட்டி' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. கூலியில்லாமல் செய்து கொடுக்க வேண்டிய வேலை அது. இன்று அந்தச் சொல்லுக்கு என்ன ஆயிற்று? வேலையில்லாமல் திரிகிறவனை 'வெட்டியா இருக்கான்' என்கிறோம், பயனில்லாத பேச்சை வெட்டிப் பேச்சு என்கிறோம். கூலி வராத உழைப்பு, காலப்போக்கில் உழைப்பே இல்லை என்று ஆகிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் பார்வையில் அர்த்தம் மாறியிருக்கிறது. மண் சுமந்தவரைக் கேட்டிருந்தால் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் சொல்லியிருப்பார்.

பம்பாய் மாகாணத்தில் மகர் வதன் என்ற முறை இருந்தது. ஒரு துண்டு மானிய நிலத்தைக் காட்டி மகர் சமூகத்தாரை அரசாங்கத்துக்கும் ஊருக்கும் எந்த நேரமும் ஏவல் வேலை செய்ய வைத்தார்கள். அதை மாற்ற 1928-இல் அம்பேத்கர் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். அவர் தலைமையில் வரைவான அரசியலமைப்பில் 23-ஆவது பிரிவு, ஆள் கடத்தலையும் பேகாரையும் அதுபோன்ற மற்ற 'ஃபோர்ஸ்டு லேபர்' வடிவங்களையும் தடை செய்கிறது. பேகார் என்றால் வட இந்தியாவில் நம் வெட்டி. அதே பிரிவின் அடுத்த பத்தியில், பொது நோக்கத்துக்காக அரசு 'கம்பல்சரி' சேவை சுமத்தலாம், மதம், இனம், சாதி, வர்க்கம் மட்டும் பார்த்துப் பாகுபாடு செய்யக்கூடாது என்று வருகிறது. கவனித்தீர்களா? தடை செய்யும்போது ஒரு அடைமொழி, அனுமதிக்கும்போது வேறொரு அடைமொழி. தமிழில் எழுதினால் இரண்டும் 'கட்டாய' என்றே ஆகி, முதல் பத்தியில் கூடாது என்றதை இரண்டாம் பத்தியில் கூடும் என்று சொல்வதுபோல் தோன்றும். என்னைக் கேட்டால் முதலாவதை 'பலவந்த உழைப்பு' என்றும் இரண்டாவதைக் 'கட்டாயப் பணி' என்றும் எழுதலாம்.

உலக அளவில் இந்த இரண்டு அடைமொழிகளையும் சேர்த்துக் கட்டியது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 29-ஆவது உடன்படிக்கை, 1930-ஆம் வருஷம். அப்போது ஆப்பிரிக்கக் காலனிகளில் ரோடும் ரயில் பாதையும் ஆளைப் பிடித்து வந்துதான் போட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1921 முதல் 1934 வரை போட்ட காங்கோ-ஓசியான் ரயில் பாதையில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். 'ஃபோர்ஸ்டு ஆர் கம்பல்சரி' என்று இரண்டையும் போட்டதால், இது பலவந்தமில்லை, எங்கள் சட்டப்படி கட்டாயம் என்று எந்த அரசும் நழுவ முடியாமல் போனது. அந்த உடன்படிக்கை வைத்த இலக்கணத்தில் இரண்டு கால்கள். ஒன்று, ஏதாவது ஒரு தண்டனை வரும் என்ற மிரட்டல். இரண்டு, ஆள் தானாக முன்வராதது. ராணுவச் சேவை, சாதாரணக் குடிமைக் கடமை, நீதிமன்றம் தண்டித்த கைதியின் வேலை, பேரிடர் கால வேலை, ஊருக்கான சின்னச் சின்னப் பொது வேலை ஆகியவற்றை விலக்கி வைத்தார்கள். இந்தியா இதை ஏற்றுக் கையெழுத்திட்டது 1954-இல்.

'கம்பல்சரி' என்றால் சட்டம் சுமத்தும் எல்லாமா? இந்தக் கேள்வியை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் நகரத்து இளம் வக்கீல் ஒருவர், வான் டெர் முசெல். காம்பியா நாட்டுக்காரர் ஒருவருக்காக இலவசமாக வழக்காடும்படி அவருக்கு உத்தரவு. மறுத்தால் வக்கீல் பட்டியலிலிருந்தே பெயர் நீங்கலாம். காசும் கிடையாது, செலவும் திரும்ப வராது, இது கட்டாய உழைப்பு என்றார். 1983-இல் தீர்ப்பு வந்தது. மிரட்டல் இருப்பது உண்மை, ஆனால் சட்டப்படி ஒரு கடமை இருக்கிறது என்பதாலேயே அது ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை தடை செய்யும் 'கம்பல்சரி' ஆகிவிடாது, இந்தத் தொழிலுக்கு வரும்போதே இது தெரிந்துதான் வந்தீர், சுமையும் அளவுக்கு மீறியதில்லை என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். ஒரு வக்கீலாக எனக்கு அவர் மேல் கொஞ்சம் அனுதாபம் உண்டு. தீர்ப்பு சரி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தானாக முன்வருவது, சுய விருப்பம் என்பதெல்லாம் எதைப் பார்த்துச் சொல்வது? இதற்கு நம் சென்னை உயர்நீதிமன்றத்து வழக்கு ஒன்று, 1889-ஆம் வருஷத்தது. கணவனை இழந்த பெண்ணுக்கு வயது பதின்மூன்று. பிணம் வீட்டில் கிடக்கிறது. ஒரு பையனைத் தத்து எடுக்கச் சம்மதித்தால்தான் பிணத்தை எடுக்க விடுவோம் என்று உறவுக்காரர்கள் வழிமறித்துவிட்டார்கள். சம்மதித்தாள். அவளை யாரும் அடிக்கவில்லை, கட்டிப்போடவில்லை. சாவு வீட்டில் பிணம் கிடக்கக் கிடக்க என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தத்து அவளைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரங்கநாயகம்மா வழக்கு என்று சட்டக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். வாயால் சொன்ன சம்மதத்துக்குப் பின்னால் வேறு வழி இருந்ததா என்று நம் நீதிமன்றம் அப்போதே கேட்டிருக்கிறது.

அதே கேள்வியை 1982-இல் உச்ச நீதிமன்றம் கூலிக்காரர்கள் விஷயத்தில் கேட்டது. அந்த வருஷம் நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஸ்டேடியம், மேம்பாலம், விளையாட்டுக் கிராமம் என்று வேலை ஜரூராக நடந்தது. காண்ட்ராக்டர்கள் ஜமாதார் எனப்படும் ஆள்பிடிக்கும் தரகர்களை வைத்து ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசா என்று பல இடங்களிலிருந்து ஆள் இறக்கினார்கள். நாள் ஒன்றுக்குக் குறைந்தபட்சக் கூலி 9 ரூபாய் 25 காசு. ஜமாதார் தன் கமிஷனாக ஒரு ரூபாயைப் பிடித்துக்கொண்டார், தொழிலாளி கைக்கு வந்தது 8 ரூபாய் 25 காசு. மக்கள் ஜனநாயக உரிமைக் கழகம் என்ற அமைப்பு மூன்று சமூக அறிவியலாளர்களை வைத்து விசாரித்து, நீதிபதி பி.என். பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. அந்தக் கடிதமே ரிட் மனுவாக ஏற்கப்பட்டது. பகவதியும் பஹருல் இஸ்லாமும் இருந்த அமர்வு செப்டம்பர் 18-ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது.

அந்த ஒரு ரூபாய்க்கும் அரசியலமைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அப்போது பலரும் முழித்திருப்பார்கள். எதிர்த்தரப்பு வாதம் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. 23-ஆவது பிரிவு தடுப்பது கூலியில்லாத வேலையைத்தானே? கூலி கொஞ்சம் குறைவு என்றால் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே? பகவதி இந்த வாதத்தை ஏற்கவில்லை. 'ஃபோர்ஸ்டு' என்ற அடைமொழியில் இருக்கும் பலம் மூன்று வகையில் வரலாம் என்றார்: உடம்பின் மேல் வரும் பலம், சட்டம் கொடுக்கும் பலம், பொருளாதாரச் சூழ்நிலை கொடுக்கும் பலம். பசியும் வறுமையும் ஒருவரை வேறு வழியில்லாமல் ஒரு வேலைக்குத் தள்ளினால் அதுவும் பலவந்தமே. தனக்குச் சட்டப்படி இவ்வளவு சேர வேண்டும் என்று இருக்கும்போது, அதைவிடக் குறைத்து வாங்கிக்கொண்டு யாராவது மனம் ஒப்பி உழைப்பார்களா? ஆகவே குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கும் எந்த உழைப்பும் 23-ஆவது பிரிவு தடை செய்த உழைப்புதான். எஞ்சின் நின்ற விமானி மாதிரி, வயிறு காய்ந்தவனுக்கும் இறங்குவதைத் தவிர வழியில்லை என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது.

நான் படித்த தீர்ப்புகளில் இதற்கு நிகராக இன்னொன்றைச் சொல்ல மாட்டேன். அடுத்த ஜனவரியிலேயே, 1983-இல், அதே பகவதி ராஜஸ்தான் அரசையும் இதே அளவுகோலால் அளந்தார். அஜ்மீர் மாவட்டத்தில் பஞ்ச நிவாரணமாக ரோடு போடும் வேலை. நிவாரண வேலைக்குத் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தாது என்று மாநிலம் 1964-லேயே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தது. பஞ்சத்தில் அடிபட்டவனுக்கு வேலை கொடுப்பதே உபகாரம் என்பது அரசின் எண்ணம். உழைப்பை வாங்கிக்கொண்டு கூலியைக் குறைப்பதற்குப் பஞ்சம் காரணமாகாது என்று சொல்லி, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுக்க அந்தச் சட்டம் இடம்கொடுத்த அளவில் அதைச் செல்லாதாக்கினார்.

அமெரிக்காவில் என்ன நிலை என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அடிமை முறையை ஒழித்த 1865-ஆம் வருஷத்துத் திருத்தத்தில் அவர்கள் 'இன்வாலண்டரி', அதாவது விருப்பமில்லாத, என்ற அடைமொழியைப் போட்டார்கள். மிச்சிகனில் ஒரு பால் பண்ணையில் மனவளர்ச்சி குன்றிய இரண்டு பேர் வாரம் ஏழு நாளும், பல நாள் 17 மணி நேரமும் வேலை பார்த்தார்கள். முதலில் வாரத்துக்கு 15 டாலர், பிறகு அதுவும் இல்லை. கொஸ்மின்ஸ்கி வழக்கு என்று பெயர். 1988-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், உடல் பலமோ சட்ட பலமோ காட்டியிருந்தால்தான் அது குற்றம், மனரீதியான நெருக்குதல் மட்டும் போதாது என்று சொல்லி, மறுவிசாரணைக்கு வழிவிட்டது. நம் நீதிமன்றம் ஆறு வருஷத்துக்கு முன்பே தாண்டிய கோட்டை அவர்கள் தாண்டவில்லை. பிறகு 2000-இல் அமெரிக்க நாடாளுமன்றமே 'ஃபோர்ஸ்டு லேபர்' என்று தனிக் குற்றம் வகுத்துச் சட்டத்தை விரிக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு பெரிய அர்த்தத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. வாங்கிய கடன் ஒழிந்தது, திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்கிறது சட்டம். இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பையும் கடன் கொடுத்தவர் தலையிலேயே போட்டிருக்கிறது. ஆனால் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் போய்க் கேட்டால், கொத்தடிமை என்ற சொல்லை யாரும் சொல்ல மாட்டார்கள். 'அட்வான்ஸ் வாங்கியிருக்காங்க சார், கழிச்சிட்டுப் போகட்டும்' என்பார்கள். தொழிலாளியும் அதையேதான் சொல்வார்: 'வாங்கிட்டோம்ல சார், கழிக்கணும்ல.'

ஒரு வழக்கில் மேஸ்திரியின் நோட்டுப் புத்தகம் என் கைக்கு வந்தது. நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். மேலே அட்வான்ஸ் தொகை. கீழே வாராவாரம் அரிசிக்குக் கொடுத்தது, குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது, சாவுக்கு ஊருக்குப் போய் வந்த பஸ் சார்ஜ், எல்லாம் பற்று. வரவுப் பக்கத்தில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று அறுத்த கல் கணக்கு. மழையில் கரைந்த கல்லைக் கழித்திருந்தார்கள். சீசன் முடிவில் பற்றுதான் மிஞ்சியது, அடுத்த சீசனுக்கும் அதே சூளைதான். இதில் மிரட்டல் எங்கே இருக்கிறது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். நோட்டிலேயே இருக்கிறது என்றேன். புருஷன், பெண்டாட்டி, பெரிய பிள்ளை மூவரும் விடிவதற்கு முன் எழுந்து அறுத்த கல்லுக்கு வந்ததை ஆளுக்கு, நாளுக்கு என்று வகுத்துப் பார்த்தால் குறைந்தபட்சக் கூலி பக்கத்தில்கூட வரவில்லை.

கோவை, திருப்பூர் பக்கம் நூற்பாலைகளில் நடந்த சுமங்கலித் திட்டமும் இதே கணக்கில்தான் வரும். மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று பெண் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். இடையில் உடம்பு முடியாமல் போனால் அந்தத் தொகை கேள்விக்குறி. 1930 உடன்படிக்கை சொன்ன 'தண்டனை மிரட்டல்' வேறு எப்படி இருக்கும்?

இங்கே ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் இருக்கிறீர்கள். ஊரில் யாருக்காவது மனு எழுதிக் கொடுக்கும் பழக்கம் உங்களில் பலருக்கு உண்டு. மனுவில் பெரும்பாலும் 'கொடுமைப்படுத்துகிறார்கள்', 'அடிக்கிறார்கள்' என்றுதான் எழுதுகிறோம். கோட்டாட்சியர் விசாரணைக்குப் போகும்போது அடித்த காயம் ஆறியிருக்கும், சாட்சி பின்வாங்கியிருக்கும். கூலிக் கணக்கு அப்படி மறையாது. அதனால் மனுவில் நாலு விஷயத்தை எழுதுங்கள்: வாங்கிய அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை பேர் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள், கைக்கு வந்தது எவ்வளவு, அந்தத் தொழிலுக்கு அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி எவ்வளவு. கடைசித் தொகை அரசிதழில் இருக்கிறது, தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டாலும் சொல்வார்கள். மேலே அரசியலமைப்புப் பிரிவு 23 என்று ஒரு வரி போடுங்கள். கொத்தடிமை விடுவிப்புச் சான்றிதழ் கையில் வருகிற வரை மனு கொடுத்த குடும்பத்தைத் திரும்பச் சூளைக்கு அனுப்பாதீர்கள்.